நவம்பர் முதல் ஜூன் வரை

நுவாகாய்க்குப் புது அரிசி தின்ற வாய் காயுமுன்னே
ஊருக்குள் முன்பணம் வந்துவிடும்.
அதற்கு ஆள் கணக்கில்லை, செட்டுக் கணக்கு:
புருஷன் ஒன்று, பெண்டாட்டி ஒன்று,
செங்கல் புரட்டச் சிறு கை ஒரு ஜோடி.
அந்த மூன்றாவதைத்தான்
கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்
பள்ளிக்கூடத்துப் பின்கட்டில், நாற்பத்தொரு பாய்களில்.

வாங்கியது என்றால் சும்மா இல்லை.
தன்சிங் மாஜி மூன்று நாள் பதில் சொல்லவில்லை.
"இவள் இல்லையென்றால் ஆயிரத்துக்கு நூறு கல் குறையும்,
அதை உங்கள் சர்க்கார் தருமா?"
தராது என்றேன்.
உண்மையைச் சொன்னதாலோ என்னவோ
பதிவேட்டில் கட்டைவிரலை உருட்டிவிட்டு
கண்டாபாஞ்சி ரயிலுக்கு நடந்தார்,
மனைவியைத் திரும்பிப் பார்க்க விடாமல்.

குருபாரிக்கு வயது ஒன்பது; அல்லது பத்து.
முதல் வாரம் எதையும் அவள் சும்மா விடவில்லை.
காய்கிற சோப்பைத் திருப்பிப் போட்டாள்.
கழுவிய தட்டுகளைக் குத்துவாக்கில் நிறுத்தினாள்,
காற்றுப் போக இடைவெளி விட்டு.
தூங்குகிற சுக்ருவைக்கூட ஒருமுறை
மறுபக்கம் புரட்டிவிட்டதாகப் புகார் வந்தது.

எழுத்துத் தெரியுமா என்றேன்.
தெரியும் என்றாள். மூன்று.
சிலேட்டில் எழுதிக் காட்டினாள்:
பி முதலில், எஸ் நடுவில், கே கடைசியில்,
மூன்றும் முதுகைக் காட்டிக்கொண்டு.
கண்ணில் கோளாறோ என்று
என்னென்னவோ நினைத்தேன்.
பிறகுதான் சொன்னாள்:
அச்சின் அடியில் அடைத்துக்கொண்ட மண்ணை
நகத்தால் நோண்டி எடுப்பது அவள் வேலை.
கல்லின் மேல் நேராக விழும் முதலாளி பெயரை
அவள் படித்தது உள்ளிருந்து.

ஜனவரியில் சர்தார் மோட்டார் சைக்கிளில் வந்தான்.
சூளையில் ஒருத்திக்குப் பிரசவமாம்,
ஒரு ஜோடி கை குறைகிறதாம்.
பதிவேட்டைத் தரையில் போட்டு
அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.
வேறெதுவும் செய்யத் தோன்றவில்லை.
வெயில் ஏறும்வரை பார்த்துவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரே ஒரு போன், என்னுடையது.
ஆளுக்கு இரண்டு நிமிடம்.
தின்றாயா, தின்றேன். காய்ச்சலா, இல்லை.
சிலது பேசவே பேசாது,
மூச்சு மட்டும் கரீம்நகர் வரை போகும்.
நான் கடிகாரத்தைப் பார்க்கிற மாதிரி நடிப்பேன்.

பிப்ரவரியில், காலமில்லாத காலத்தில், ராத்திரி மழை.
தகரத்தில் முதல் துளி விழுந்ததுதான் தெரியும்.
எழுந்தால் பாய்களே இல்லை.
முற்றத்தில் பாதித் தூக்கத்தோடு ஓடுகிறார்கள்
பாயும் போர்வையும் அரிசிச் சாக்கும் இழுத்துக்கொண்டு,
கழிப்பறைச் சுவருக்கென்று இறக்கி
மூன்று வருஷமாய்க் கிடக்கும் செங்கல் குவியலை மூட.
மூடிவிட்டு, நனைந்தபடி நிற்கிறார்கள்.
யாரோ திட்டப் போகிறார்கள் என்கிற நிற்பு.

குருபாரிதான் ஒரு கல்லைத் தட்டிப் பார்த்தாள்.
கணீரென்றது.
"சுட்ட கல். மழை ஒண்ணும் செய்யாது,"
அலுத்துப்போன மேஸ்திரி குரலில்.
ஒருவன் சிரித்தான். பிறகு எல்லோரும்.
அப்புறம் சுக்ரு கேட்டான்:
"அங்கேயும் பெய்யுதா?"

அந்த ஞாயிறு தன்சிங் மெதுவாகப் பேசினார்.
பச்சைக்கல் ஒன்பதாயிரம் கரைந்து போயிற்றாம்.
இன்னும் ஒரு மாதம் கூட நிற்கணுமாம்.
விடுதிக்கு அரிசி ஜூன் பதினைந்து வரைதான்,
என் சம்பளமும் அதுவரைதான்.
நான் சொல்லவில்லை.

போனை வாங்கிய குருபாரி மழையைக் கேட்கவில்லை.
"எஸ் எந்தப் பக்கம் வளையும், சொல்லு?"
அவர் ஏதோ சொன்னார்.
"இல்லை, அது அச்சில். கல்லைப் போய்ப் பாரு."
இரண்டு நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது.
போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நிற்கிறாள்,
அங்கே அவர் நடந்துபோய்க்
குனிந்து பார்த்துவிட்டு வரட்டுமென்று.